இலவசப் பேருந்து சோஷலிசமா?

கேள்வி: என் கணவர் பெங்களூரு தூரவாணி நகர் தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தொலைபேசி செய்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டுக்கு ஒரு தொலைபேசி வர பல ஆண்டு காத்திருந்தோம். மகன் ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறான். சம்பளத்தோடு கம்பெனிப் பங்குகளும் தருகிறார்கள். நான் அரசுப் பேருந்தில் கட்டணமில்லாமல் போய்வருவதை, 'இந்த சோஷலிசம்தான் நாட்டைக் கெடுக்கிறது' என்கிறான். 'சோஷலிசம் என்றால் எங்கள் தொழிற்சாலை' என்கிறார் இவர். சாப்பிட உட்கார்ந்தாலே வாக்குவாதம். சோஷலிசத்துக்கும் முதலாளித்துவத்துக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? பங்கு வைத்திருப்பதால் என் மகன் முதலாளி ஆகிவிடுவானா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மகன் அரசாங்கம் எவ்வளவு கொடுக்கிறது என்பதை வைத்தும், கணவர் அரசாங்கம் எதை நடத்துகிறது என்பதை வைத்தும் பேசுகிறார்கள். நிலம், சுரங்கம், ஆலை, இயந்திரம் போன்ற உற்பத்திச் சாதனங்கள் யாருக்குச் சொந்தம், எதை எவ்வளவு உற்பத்தி செய்வது என்று யார் முடிவெடுக்கிறார்கள், கூலியும் செலவும் போக மிஞ்சும் உபரி யாரிடம் போய்ச் சேருகிறது என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள். முதலாளித்துவத்தில் உற்பத்திச் சாதனங்கள் தனியாருக்குச் சொந்தம். உழைப்பைத் தவிர விற்பதற்கு வேறெதுவும் இல்லாதவர்கள் கூலிக்கு வேலை செய்கிறார்கள். இலாபம் கிடைக்கும் என்று தோன்றும் இடத்தில் முதல் போடப்படுகிறது. சோஷலிசத்தில் அவை அரசு வழியாகவோ, கூட்டுறவு வழியாகவோ, தொழிலாளர் வழியாகவோ சமூகத்துக்குச் சொந்தமாகி, தேவையை முன்வைத்து உற்பத்தி திட்டமிடப்படுகிறது. குடியிருக்கும் வீட்டையும் கழுத்து நகையையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அவை உற்பத்திச் சாதனங்கள் அல்ல என்பதால் இந்தக் கணக்கிலேயே வராதவை.

இப்போது பேருந்துக்கு வருகிறேன். கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டத்தில் பெண்களுக்கான கட்டணத்தை அரசு தன் வரி வருமானத்திலிருந்து ஈடுகட்டுகிறது. ஒயிட்ஃபீல்டில் எந்த நிறுவனத்தின் உடைமையும் அதனால் கை மாறிவிடவில்லை. இது நலத்திட்டம். முதலாளித்துவ நாடுகளில்தான் இது முதலில் வேர்விட்டது என்பதை மகனிடம் சொல்லுங்கள். ஜெர்மனியில் 1878-இல் சோஷலிஸ்டுகளின் அமைப்புகளையும் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்த அதே தலைமை அமைச்சர் பிஸ்மார்க்தான் 1883-இல் தொழிலாளருக்கு மருத்துவக் காப்பீட்டையும், 1889-இல் முதியோர் ஓய்வூதியத்தையும் கொண்டுவந்தார். தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் போய்விடாமல் தடுப்பதும் அவருடைய நோக்கங்களில் ஒன்று.

தொழிற்சாலை அரசுடையது என்பதால் உங்கள் கணவரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் பாதிதான். பெங்களூரிலிருந்து அதிக தூரமில்லாத கோலார் தங்க வயலை எடுத்துக்கொள்ளுங்கள். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி அதை நடத்தியது. தங்கம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள், இலாபம் போனது இலண்டன் பங்குதாரர்களுக்கு. 1956-இல் மைசூர் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1962-இல் மத்திய அரசின் கைக்குப் போனது. உடைமை முற்றிலும் மாறியது உண்மை. ஆனால் குழிக்குள் இறங்கியவனைக் கேட்டு எந்த முடிவும் எடுக்கப்படவில்லை; 2001 பிப்ரவரி இறுதியில் சுரங்கத்தை மூடும் முடிவும் மேலேயிருந்துதான் வந்தது. அரசுடைமை மட்டும் சோஷலிசம் ஆகிவிடாது என்று நான் நினைப்பது இதனால்தான். டாட்டா, பிர்லா போன்ற தொழிலதிபர்களே 1944-இல் வெளியிட்ட பம்பாய்த் திட்டத்தில், அரசு திட்டமிட்டு அடிப்படைத் தொழில்களை வளர்க்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் சோஷலிஸ்டுகள் அல்லர். பல ஆண்டு கழித்தே பலன் தரும் தொழிலில் அவ்வளவு பெரிய முதலைத் தனியாரால் போட முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுத் தொலைபேசிக்குக் காத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். விஷயம் அங்கேதான் நன்றாகப் புரிகிறது. தில்லியில் திட்டம் போட்டவர்களின் பார்வையில் எஃகும் அணையும் முதல் தேவை, வீட்டுத் தொலைபேசி ஆடம்பரம். காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீண்டாலும், அதைப் பார்த்து உற்பத்தியைப் பெருக்கும் நெருக்கடி யாருக்கும் இல்லை. நட்டம் வந்தால் கருவூலம் தாங்கிக்கொள்ளும். சந்தையில் தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும், விலை ஏறினால் முதலீடு தேடி வரும். கைபேசி இங்கே பரவிய வேகத்துக்குத் தனியார் போட்டி ஒரு முக்கியக் காரணம். அதே சந்தை, ஆனேக்கல் பக்கத்தில் ஆறு பேர் மட்டும் ஏறும் ஊருக்குப் பேருந்து விடாது. அந்த ஆறு பேரின் தேவை உண்மையானது. ஆனால் காசோடு வராத தேவை விலைக்குள் தெரிவதில்லை. திட்டமிடுகிறவருக்கு அது தெரியும். எவ்வளவு, எப்போது, எந்தத் தரத்தில் என்பதைக் கணிப்பதில்தான் அவர் திணறுகிறார். சோவியத் நாடு 1928 முதல் ஐந்தாண்டுத் திட்டங்களால் கனரகத் தொழிலை வியக்கத்தக்க வேகத்தில் வளர்த்துவிட்டு, கடைகளில் வரிசையை ஒழிக்க முடியாமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம்.

நம் நாடு எந்தப் பக்கம் என்று இருவரும் கேட்டால், 1955-இல் நம் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானித்தபோதும், 1976-இல் அரசியல் சட்ட முகவுரையில் 'சோஷலிச' என்ற சொல் சேர்க்கப்பட்டபோதும் தனியார் தொழில் இங்கே இருந்துகொண்டேதான் இருந்தது. முகவுரையிலிருந்து அதை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றமும், அது நல அரசையே குறிக்கிறது, தனியார் முனைவைத் தடுக்கவில்லை என்றுதான் விளக்கியது.

அரசும் இல்லாமல் முதலாளியும் இல்லாமல் ஒரு தொழில் நடக்குமா என்று அவர்கள் சந்தேகப்பட்டால், சர்ச் தெரு இந்தியா காபி ஹவுஸுக்கு அழைத்துப்போங்கள். காபி வாரியம் கைவிட்ட கடைகளை ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து 1957 முதல் நடத்துகிறார்கள். தலைப்பாகையோடு தோசை கொண்டுவருபவர் வாடிக்கையாளருக்குப் பரிமாறுகிறாரே தவிர, எந்த முதலாளிக்கும் இலாபம் சம்பாதித்துக் கொடுப்பதில்லை.

கடைசியாக மகனின் பங்குகள். அவை சேமிப்பு, நல்ல சேமிப்பாகவே இருக்கட்டும். ஆனால் யாரை வேலைக்கு எடுப்பது, எந்தக் கிளையை மூடுவது என்று அந்தப் பங்குகளின் பலத்தில் அவர் தீர்மானிக்க முடியாது. நாளைக்கு நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தால் பட்டியலில் அவர் பெயரும் இருக்கலாம். மாதச் சம்பளம் நின்றாலும் பங்குகளின் வருமானத்திலேயே குடும்பம் ஓடும் நிலை வரும்வரை, அவரும் தன் அப்பாவைப் போல ஒரு தொழிலாளிதான்.