எனக்கு மட்டும் சங்கு ஊதுவதில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 41 வயது. கோவை சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனியில் டீம் லீட். கிளையண்ட் அமெரிக்காவில். பகலில் இங்கத்திய வேலை, சாயங்காலம் ஆறரைக்கு மேல் அவர்களோடு கால். முடிய பத்தரை, பதினொன்று ஆகிவிடும். வாரத்துக்கு 58, 60 மணி நேரம் சாதாரணம். இரண்டு வருஷம் முன்புவரை இதைப் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தேன்.

போன மாதம் நாலு நாள் லீவு போட்டு வால்பாறை போனோம். ஆழியாறிலிருந்து ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தினோம். பாறை விளிம்பில் ஒரு வரையாடு, குட்டியோடு. மகள் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். "ஒரு நிமிஷம் கண்ணு" என்று சொல்லிவிட்டு, மேலே போனால் சிக்னல் இருக்காதே என்று ஒரு மெயிலுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை பார்த்தால் போதும் என்று அந்த மெயிலிலேயே எழுதியிருந்தது. நிமிர்ந்தபோது, "ஆடு போயிருச்சுப்பா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தங்கின இடத்தில் இரண்டு நாள் சிக்னலே இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தலைவலிதான் வந்தது. எதையோ திருடிவிட்டு ஒளிந்திருப்பதுபோல ஒரு உறுத்தல்.

என் அப்பா சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்தார். சங்கு ஊதினால் போவார், சங்கு ஊதினால் வருவார். முதல் ஷிப்ட் என்றால் சாயங்காலம் சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்துக் குளத்துக்குக் கூட்டிப்போவார். மண்புழுவைக் கோத்துத் தூண்டிலைப் போட்டுவிட்டு, தக்கையையே பார்த்தபடி ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஜிலேபி மீன்தான் கிடைக்கும். எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது மில்லை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா தூண்டிலைத் தொடவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். "சும்மா உக்காந்திருந்தா அடுப்பெரியுமுங்களா" என்று அம்மா ஒரு நாள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. அந்த மூங்கில் தூண்டில் இப்போதும் பரணில் கிடக்கிறது.

இப்போது மேனேஜர் பதவி தருகிறேன் என்கிறார்கள். சம்பளம் கூடும், இரண்டு டீமைப் பார்க்க வேண்டும். வீட்டுக் கடன் இன்னும் பத்து வருஷம் இருக்கிறது. மனைவி வங்கியில் வேலை பார்க்கிறார். கேட்டால் "உங்க இஷ்டங்க" என்கிறார். வேண்டாம் என்று சொன்னால் அது சோம்பேறித்தனமா?

– பெயர் வேண்டாம், கோவை

அன்புள்ள கோவை நண்பருக்கு,

உங்கள் கேள்விக்குப் போகுமுன், நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட ஒரு வரியைப் பார்ப்போம். மில் மூடிய பிறகு அப்பா தூண்டிலைத் தொடவில்லை. பொழுது முழுக்கக் கையில் இருந்தும் குளத்துப் பக்கம் போகவில்லை. ஷிப்ட் முடிந்து கிடைத்த அந்த ஒரு மணி நேரம் அவர் சம்பாதித்தது. சங்கே ஊதாத நாட்களில் கிடைத்த பொழுது அவருக்கு அவமானமாகத்தான் இருந்திருக்கும். அதைப் பன்னிரண்டு வயதுப் பையன் கூடவே இருந்து பார்த்திருக்கிறான். வீட்டில் சும்மா இருக்கும் ஆண் என்றால் சம்பளம் நின்றுபோன ஆண் என்று அவனுக்குப் பதிந்துவிட்டது. வால்பாறையில் சிக்னல் போனதும் பதறியது அந்தப் பையன்தான் என்று நினைக்கிறேன்.

அதற்காக எல்லாவற்றையும் உங்கள் பால்யத்தின் தலையில் கட்டிவிட்டு, அலுவலகங்களை விட்டுவிடவும் மனமில்லை. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் 'பர்ன் அவுட்'டை, அதாவது வேலையால் முற்றிலும் சோர்ந்துபோவதை, வரையறுத்தபோது அதை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. இங்கே நடப்பதோ ஏலம். 2023-ல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி வாரம் 70 மணி நேரம் என்றார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவரின் பேச்சு வெளியானது, அதில் 90.

நம் ஊரில் சங்கு ஊதுவதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டே, அதையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களோடு ஒப்பிட்டால், 55 மணியோ அதற்கு மேலோ போகிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். நீங்கள் 58 என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தீர்கள்? இந்த வாரமே பாருங்கள்.

உங்கள் வேலைக்குச் சங்கு கிடையாது, ஆகவே நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். அரைகுறையாய் நிற்கும் வேலை மனதை விட்டுப் போகாது என்று உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927-லேயே எழுதினார். 2011-ல் வந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: வேலையை முடிக்கவே வேண்டாம், எப்போது, எப்படிச் செய்வோம் என்று திட்டம் போட்டாலே அந்த நச்சரிப்பு அடங்கிவிடுகிறது. கால் முடிந்ததும் ஒரு நோட்டில், காகித நோட்டில், நாளைக்கு முதலில் செய்ய வேண்டியதை நாலு வரி எழுதி மூடுங்கள். நிஜமான அவசரம் என்றால் போன் பண்ணச் சொல்லுங்கள்; மெசேஜ் எல்லாம் காலையில்தான். முதல் இரண்டு வாரம் கை சட்டைப் பையைத் தேடும், தேடட்டும். இன்னொன்று: நீங்களும் ஒரு டீமுக்கு மேலே இருப்பவர். பதினொரு மணிக்கு நீங்கள் தட்டிவிடும் மெசேஜுக்கு எத்தனை பேர் விழித்திருந்து பதில் போடுகிறார்கள்?

மேனேஜர் பதவியை வேண்டாம் என்பது சோம்பேறித்தனம் இல்லை. ஆனால் கேட்காமலே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ராத்திரி நேர போன் காலை யார் எடுப்பது, முறை வைத்து மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பதிலை மெயிலில் வாங்குங்கள். "பார்த்துக்கலாம்" என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மனைவியோடு உட்கார்ந்து, வேலை போனால் ஆறு மாதம் வீடு ஓட எவ்வளவு வேண்டும் என்று, கடன் தவணை, பள்ளிக் கட்டணம் உட்படக் கணக்குப் போடுங்கள். அந்தத் தொகை தெரியாதவரை ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பயம் எவ்வளவு பெரிதாகவும் வளரும்.

மனைவி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் வருகிறார். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாமல் தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88. உங்கள் ஆறரை மணி கால் தடங்கலில்லாமல் நடப்பது யாருடைய நிமிடங்களில்? வங்கியிலிருந்து வந்த பிறகு அவருக்குச் சங்கு ஊதுவது எத்தனை மணிக்கு? "உங்க இஷ்டங்க" என்பது சம்மதமா களைப்பா என்று எனக்கு விளங்கவில்லை. அவரிடமே கேளுங்கள். நீங்கள் மீட்கும் நேரத்தில் பாதியாவது அடுப்படிக்கும் மகளின் வீட்டுப்பாடத்துக்கும் போகட்டும்.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

பரணிலிருந்து தூண்டிலை இறக்குங்கள். அந்தக் குளமே என்றில்லை, எந்தத் தண்ணீர் ஓரமானாலும் சரி. இத்தனை வருஷத்தில் நரம்பு மக்கியிருக்கும், முள் துருப்பிடித்திருக்கும். மகளையும் கூட்டிப்போய்ப் புதிதாக வாங்கிக் கட்டுங்கள். புழு கோக்கத் தெரியுமா என்று கேட்பாள்.