குகைக் காற்றை அளக்க எந்தக் கருவியை வாங்குவது?

கேள்வி: வரும் பிப்ரவரியில் மேகாலயாவின் ஜைந்தியா மலைக் குகைகளுக்குக் குழுவாகச் செல்கிறோம். புதிய கிளைகளைக் கண்டறிய உதவும் கையடக்கக் காற்றுவேகமானி ஒன்று தேவை. சூடான கம்பி வகையே நுட்பமானது என்கிறார் கடைக்காரர். அதையே வாங்கலாமா?

பதில்: வேண்டாம், சிறு விசிறி சுழலும் வகையை வாங்குங்கள். சூடான கம்பி மிக மெல்லிய காற்றையும் உணரும் என்பது உண்மைதான். ஆனால், கம்பியிலிருந்து காற்று எவ்வளவு வெப்பத்தை எடுத்துச் செல்கிறது என்பதைக் கொண்டே அது வேகத்தைக் கணிக்கிறது. ஆற்றுநீரில் நடந்து செல்ல வேண்டிய அந்தக் குகைகளில் ஒரு துளி நீர் தெறித்துக் கம்பியைக் குளிர்வித்தாலும், இல்லாத காற்றை அது இருப்பதாகக் காட்டிவிடும்.

விசிறி சுழலத் தொடங்கும் குறைந்தபட்ச வேகம் என்ன என்பதைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும். பெட்டியின் மீது நொடிக்கு ‘0 முதல் 30 மீட்டர் வரை’ என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள்; விசிறி அசையாதபோதும் திரையில் 0 தெரியத்தான் செய்யும். கெஸ்ட்ரல் 1000 என்ற விசிறி வகைக் கருவியின் விவரத்தாள், நொடிக்கு 0.6 மீட்டர் என்று அதை வெளிப்படையாகச் சொல்கிறது. அது போதுமா என்று தயங்க வேண்டாம். 4 சதுர மீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புள்ள பாதையில் 0.3 மீட்டர் வேகத்தில் ஊரும் காற்று, 1 சதுர மீட்டராகக் குறுகும் இடத்தில் 1.2 மீட்டர் வேகம் பெறும். ஆகவே, குறுகலான இடத்தில், உங்கள் உடல் காற்றை மறைக்காதபடி கையை நீட்டிப் பல புள்ளிகளில் அளந்து சராசரி எடுங்கள்.

கருவி சரியாக அளப்பதைச் சோதித்துத் தரும் அளவுத்திருத்தச் சான்றிதழ் என்று சொல்லி இடைத்தரகர்கள் கூடுதல் பணம் கேட்பார்கள். அதிலுள்ள வரிசை எண் கருவியில் உள்ளதுதானா, எந்த வேகத்திலிருந்து சோதித்திருக்கிறார்கள் என்ற இரண்டையும் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், குறைந்த விலைப்புள்ளிக்கே ஆணை தர வேண்டும் என்ற விதியால் வந்து சேர்ந்த கருவி நொடிக்கு 5 மீட்டருக்குக் குறைவான வேகத்தில் சோதிக்கப்படவே இல்லை. அதைத் திருப்பியனுப்ப நாங்கள் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை.

காற்று திசை மாறினால் கருவியைச் சந்தேகிக்காதீர்கள். மேலும் கீழும் வாயில்கள் உள்ள குகையில், வெளியே குளிராக இருக்கும்போது காற்று கீழ்வாயிலில் புகுந்து மேல்வாயிலில் வெளியேறும். வெயில் ஏறி வெளி வெப்பநிலையும் குகையின் வெப்பநிலையும் நெருங்கினால் ஓட்டம் அடங்கிவிடும் என்பதால் அதிகாலையில் அளப்பதே நல்லது. இதற்கு விலக்கு, உள்ளே பெரும் வெளி விரிந்து, வாயில்கள் சிறியனவாகவும் சிலவாகவும் இருக்கும் குகை. அங்கே வெளியிலுள்ள காற்றழுத்தம் குறைந்தால் குகை ஊதும், கூடினால் உறிஞ்சும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலுள்ள விண்ட் கேவ் குகையில், 1881இல் ஒருவருடைய தொப்பியை ஊதித் தள்ளிய காற்று, சில நாள் கழித்து அவருடைய சகோதரர் நண்பர்களுக்குக் காட்டப் போனபோது தொப்பியை உள்ளே இழுத்துக்கொண்டது என்பது அங்கு வழங்கும் செய்தி. எனவே ஒவ்வொரு அளவுடனும் நேரம், வெளி வெப்பநிலை, காற்றழுத்தம், திசை ஆகியவற்றையும் எழுதுங்கள். திசையறிய ஒரு குச்சியில் கட்டிய மெல்லிய நூல் போதும்.

காற்று வீசுவதாலேயே அது மூச்சுக்கு ஏற்றது என்று எண்ணிவிடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு அளவியைத் தனியாக வாங்குங்கள். பணம் போதவில்லை என்றால் காற்றுவேகமானியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்து, இப்போது நூலுடன் செல்லுங்கள்.