நாட்டுச்சர்க்கரைக்கு மாறியும் பல்லு கூசுதே, ஏன்?

கேள்வி: மளிகைக்கடை வச்சிருக்கேன், வயசு 44. ஒரு நாளைக்கு ஆறு ஏழு டீ ஆகிடும். ஒரு வருஷமா நாட்டுச்சர்க்கரை மட்டும்தான். அப்படியும் பல்லு கூசுது, பிரஷ் பண்ணா ஈறுல ரத்தம் வருது. ஏன் டாக்டர்?

பதில்: நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதுவா இருந்தாலும் பல்லுல இருக்கற கிருமிக்கு எல்லாம் ஒரே சாப்பாடுதாங்க. அது இனிப்ப தின்னுட்டு ஆசிட் விடும், பல்லு மேல பிஎச் (புளிப்ப அளக்கற எண், குறைஞ்சா ஆசிட் ஜாஸ்தின்னு அர்த்தம்) 5.5க்கு கீழ போனதும் எனாமல், அதாவது பல்லோட கெட்டியான மேல் ஓடு, கரைய ஆரம்பிக்கும், எச்சில் அத பழையபடி சரி பண்ண அரை மணி நேரம் பக்கம் ஆகும். ஏழு டீன்னா ஏழு தடவை இது நடக்குது, அதுவும் வியாபாரத்துக்கு நடுவுல ஒரு கிளாஸ வச்சு வச்சு குடிச்சீங்கன்னா நேரம் இன்னும் நீளும். கூட ரெண்டு பிஸ்கட்னா அந்த மாவு பல்லிடுக்குல ஒட்டி ரொம்ப நேரம் நிக்கும்.

1940கள்ல ஸ்வீடன்ல வீபெஹோல்ம்ங்கற காப்பகத்துல மனவளர்ச்சி குறைஞ்சவங்கள வச்சு இத சோதிச்சாங்க, அவங்க சம்மதமே இல்லாம பண்ணது, படிக்கறப்ப இன்னைக்கும் மனசு கனத்துப்போகுது. சாப்பாட்டோட இனிப்பு எடுத்தவங்களுக்கு சொத்தை கொஞ்சம்தான் கூடுச்சு, நடுநடுவுல டாஃபி தின்னவங்களுக்கு மளமளன்னு ஏறிடுச்சு.

அதனால காலைல டிபனோட ஒரு டீ, சாயங்காலம் ஒண்ணு இனிப்போட குடிங்க, மத்ததெல்லாம் சர்க்கரை இல்லாம. முதல் வாரம் கஷ்டமாத்தான் இருக்கும், அப்புறம் நாக்கு பழகிடும். குடிச்சதும் தண்ணிய வாயில விட்டு கொப்பளிங்க. ராத்திரி ஃப்ளோரைடு பேஸ்ட்ல (ஃப்ளோரைடு அளவு 1000 பிபிஎம் பக்கம் இருக்கணும், டியூப்ல போட்டிருக்கும்) தேச்சு துப்பிட்டு அப்படியே படுங்க, நிறைய தண்ணி விட்டு கழுவாதீங்க.

ஈறு ரத்தம் வேற கதை. பல்லும் ஈறும் சேர்ற ஓரத்துல படியற அழுக்குதான் பெரும்பாலும் காரணம். ரத்தம் வருதேன்னு பயந்து அந்த இடத்த நிறைய பேர் தேய்க்காம விடுறாங்க, அது இன்னும் மோசம், சாஃப்ட் பிரஷ்ல மெதுவா தேய்க்கத்தான் வேணும். காரையா இறுகிட்டா பிரஷ்ல போகாது, கிளீனிங் பண்ணணும். இன்னொண்ணு, சுகர் டெஸ்ட் எடுத்தீங்களா? சுகர் கட்டுப்பாட்டுல இல்லன்னா ஈறு சீக்கிரம் கெடும், ஈறுல புண்ணு இருந்தா சுகரும் இறங்க அடம்பிடிக்கும். எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டற ரத்த டெஸ்ட்) ஒண்ணு பார்த்துட்டு ரிப்போர்ட்டோட பல் டாக்டர்கிட்ட போங்க. ஒரே ஒரு பல்லு மட்டும் கூசுதுன்னா தள்ளிப்போடாதீங்க, அங்க சொத்தை விழுந்திருக்கலாம்.