கப்பலுக்கு ஒருவர், கயிற்றுக்கு ஒருவர்: பிரெஞ்சுக் கடற்படை நிர்வாகம் பற்றிய கேள்வி பதில்

துறைமுக அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். பிரெஞ்சுக் கடற்படையை யார் நடத்தினார்கள், யார் யாருக்குக் கட்டுப்பட்டார்கள் என்பதைப் பற்றிக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, அவை வந்த வரிசையிலேயே விடை எழுதியிருக்கிறேன்.

முத்தியால்பேட்டை, பள்ளி ஆசிரியர்: ஐயா, பிரெஞ்சுக் கடற்படைக்கு உண்மையான தலைவர் அட்மிரலா, அமைச்சரா?

அமைச்சர்தான். "பிரான்சின் அட்மிரல்" என்ற பழைய பதவி பெரும் பிரபுக்களின் கையில் இருந்து, அரசருக்கே சவாலாக வளர்ந்திருந்தது. 1626-இல் அரசரின் முதன்மை அமைச்சர் ரிஷ்லியூ அதை ஒழித்துவிட்டுக் கடல் அதிகாரத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். 1669-இல் கொல்பேர் கடற்படைக்கான அரசுச் செயலரானபோது (அமைச்சர் பதவிதான் அது) துறைமுகம், கப்பல் கட்டும் தளம், குடியேற்றங்கள், வெளிநாட்டுத் தூதகங்கள் எல்லாம் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தன. அதே ஆண்டில் அட்மிரல் பதவிக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்கள். ஆனால் அது யாருக்குக் கிடைத்தது தெரியுமா? பதினான்காம் லூயியின் மகனான, இரண்டு வயதுக் குழந்தைக்கு. பட்டம் தொட்டிலில் இருந்தது, அதிகாரம் கொல்பேரின் மேசையில் இருந்தது.

மஞ்சக்குப்பம், கல்லூரி மாணவி: "வாள் அதிகாரிகள்", "பேனா அதிகாரிகள்" என்று படித்தேன். அது பட்டப்பெயரா, உண்மையான பிரிவா?

உண்மையான பிரிவுதான் அம்மா, பகையும் உண்மையானதே. கப்பலை ஓட்டிப் போரிடுபவர்கள் வாள் அதிகாரிகள். பெரும்பாலும் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள். மரம், கயிறு, பாய், பீப்பாய், சம்பளம், மருத்துவமனை ஆகியவற்றைக் கவனித்தவர்கள் பேனா அதிகாரிகள். பிரெஸ்த், துலோன், ரொஷ்ஃபோர் போன்ற தளங்களில் இருந்த இந்தெந்தாந்து இவர்களுக்குத் தலைவர். சண்டைக்காரன் கையில் கிடங்குச் சாவியைக் கொடுத்தால் கணக்கு மிஞ்சாது என்பது கொல்பேரின் எண்ணம். 1689-ஆம் ஆண்டின் பெரிய ஆணை இந்த ஏற்பாட்டைச் சட்டமாக்கியது.

ஒவ்வொரு போர்க்கப்பலிலும் ஓர் எழுத்தர் இருந்தார். கிடங்கிலிருந்து கப்பலுக்கு வந்ததையும் கப்பலில் செலவானதையும் அவர் பேரேட்டில் பதிவார். அறுந்த வடத்துக்குப் பதில் புது வடம் வேண்டுமென்றால் கப்பித்தானின் ஆத்திரம் மட்டும் போதாது, எழுத்தரின் ஏட்டிலும் அது ஏறியாக வேண்டும். நானும் பேனாப் பக்கத்தைச் சேர்ந்தவன் என்பதால் எழுத்தரின் பக்கம் சற்றுச் சாய்கிறேன். ஆனால் பேனாவின் கை ஓங்கிய இடங்களில் கப்பல்கள் காத்துக் கிடந்ததும் உண்மை. 1765-இன் ஆணை வாளுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது. 1776-இல் கடற்படை அமைச்சர் சர்த்தீன் வெளியிட்ட ஆணை, தளங்களில் கப்பல் கட்டுவது, பழுது பார்ப்பது போன்ற வேலைகளின் மேற்பார்வையையே வாள் அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. இங்கிலாந்திலும் போரை நடத்த அட்மிரால்டி வாரியம், கப்பலைக் கட்டிப் பராமரிக்கக் கடற்படை வாரியம் என்று இரண்டு அடுப்பு எரிந்தது. 1832-இல்தான் அவை ஒன்றாயின.

வீராம்பட்டினம், மீனவர்: எங்களைப் போன்றவர்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்களா?

பிடித்துக்கொண்டு போனது ஆங்கிலேயர் வழக்கம். துறைமுகத் தெருவில் ஆள் வளைத்துக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். கொல்பேர் வேறு வழி கண்டார். பிரான்சின் கடற்கரை ஊர்களில் மீனவர், மாலுமி ஒவ்வொருவரின் பெயரையும் பதிந்து, வகுப்பு வகுப்பாகப் பிரித்து, முறை வைத்துச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அரசர் கப்பலில் ஓராண்டு வேலை செய்யவைத்தார். கட்டாயம்தான், மறுக்க முடியாது. அதற்கு ஈடாக, சம்பளத்தில் சிறு பிடித்தம் செய்து, ஊனமுற்ற மாலுமிகளுக்கு உதவும் நிதி ஒன்றை 1673-இல் தொடங்கினார்கள். மாலுமிக்கு ஓய்வூதியம் என்ற பேச்சு அங்கிருந்து வளர்ந்தது. முறை வராதவர்களையும் போர்க்காலத்தில் இழுத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புதுச்சேரி, தபால் ஊழியர்: லபூர்தொனே பெயரில் இங்கு வீதி இருக்கிறது. அவரைப் பாஸ்டில் சிறையில் அடைத்தார்கள் என்கிறார்களே, ஏன்?

அதிகாரக் கோடு எங்கே முடிகிறது என்பதை யாரும் தெளிவாக வரையாததால் வந்த வினை அது. கடற்படை ஓர் அமைச்சரிடமும், கும்பினி, அதாவது பிரெஞ்சு கிழக்கிந்திய வணிக நிறுவனம், நிதி அமைச்சரிடமும் இருந்தன. லபூர்தொனே மொரீஷியசின் ஆளுநர், பெரும்பாலும் கும்பினிக் கப்பல்களைக் கொண்ட ஓர் அணியின் தலைவர்; துய்ப்ளெக்ஸ் புதுச்சேரியின் ஆளுநர். 1746 செப்டம்பரில் சென்னை விழுந்ததும், பிடித்த இடத்தை வைத்துக்கொள்ளக் கூடாதென்று தமக்கு இருந்த உத்தரவைக் காட்டி, பதினொரு லட்சம் வராகனுக்கு ஊரைத் திருப்பிக் கொடுப்பதாக லபூர்தொனே ஒப்புக்கொண்டார். தரையில் இறங்கிய பின் முடிவு தம்முடையது என்றார் துய்ப்ளெக்ஸ். இருவரும் கடிதத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அக்டோபர் புயல் வந்து கப்பல்களை நொறுக்கியது. கப்பல் இல்லாத தளபதிக்கு வாதிட என்ன இருக்கிறது? அவர் போனார், துய்ப்ளெக்ஸ் உடன்படிக்கையைக் கைவிட்டார், பாரிசில் சிறைக்கதவு திறந்தது.

நெல்லிக்குப்பம், வழக்கறிஞர்: லாலியின் தோல்விக்குக் கடற்படைதான் காரணமா?

பாதிக் காரணம். 1758 ஏப்ரல் 29-இல் கடலூருக்கு எதிரே ஆங்கிலேயரோடு ஒரு கடற்போர், ஆகஸ்டில் நாகப்பட்டினத்துக்கு எதிரே இன்னொன்று. அதற்கு மேல் நிற்க மாட்டேன் என்று பிரெஞ்சுக் கப்பல் அணியின் தலைவர் தாஷே மொரீஷியசுக்குக் கிளம்பிவிட்டார். புதுச்சேரி ஆலோசனை சபை கெஞ்சியும் பயனில்லை, ஏனென்றால் தரைப்படைத் தளபதி லாலிக்கு அவரை நிறுத்திவைக்கும் அதிகாரம் இல்லை. 1759-இல் வந்து மீண்டும் ஒரு முறை போரிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. 1766-இல் லாலியின் தலையும் விழுந்தது. ஆங்கிலேயர் 1748-இல் தங்கள் அட்மிரல் போஸ்கவனுக்குத் தரை, கடல் இரண்டின் தலைமையையும் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அவராலும் புதுச்சேரியைப் பிடிக்க முடியவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தேவனாம்பட்டினம், பொறியாளர்: 1783-இல் எங்கள் கடலுக்கு எதிரே நடந்த போரில் சுஃப்ரேன் தம் பெரிய கப்பலை விட்டுவிட்டுச் சிறிய கப்பலில் நின்றாராமே?

ஆம், பிரெஞ்சு அணியின் தலைவரான அவர் தாமாக விரும்பி நிற்கவில்லை, உத்தரவு அது. 1782 ஏப்ரலில் மேற்கிந்தியத் தீவுகளில் பிரெஞ்சுத் தளபதி தெ கிராஸ் தம் முதன்மைக் கப்பலோடு ஆங்கிலேயரிடம் சிக்கிக்கொண்டார். படைத்தலைவன் இப்படிச் சிக்கக் கூடாது, அணிவரிசைக்கு வெளியே ஒரு பிரிகேட்டில், அதாவது சிறிய, வேகமான போர்க்கப்பலில், இருந்தபடி கொடி காட்டி நடத்த வேண்டும் என்று அரசர் ஆணையிட்டார். முன்னணியில் நின்று போரிட்டுப் பழகிய சுஃப்ரேன், அந்த ஆணைப்படி தம் 74 பீரங்கிக் கப்பலான எரோவிலிருந்து இறங்கி, கிளியோபாத்ர் என்ற பிரிகேட்டில் ஏறினார்.

அவரைப் பொறுத்தவரை உத்தரவு என்பது இரு முனைக் கத்தி. 1782 முழுவதும் அவருடைய கப்பித்தான்களில் பலர் கொடியைப் பார்த்தும் நெருங்கி வராமல் தள்ளியே நின்றார்கள். சிலரைப் பதவி நீக்கி அனுப்பிவிட்டார். ஆனால் மழைக்காலத்தில் மொரீஷியசுக்குத் திரும்பாமல் சுமத்ராவின் அச்சேவில் தங்கியவரும் அவரேதான். தாஷேயைப் போல மொரீஷியசுக்குப் போயிருந்தால் அடுத்த பருவத்தில் நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

படையெடுப்பு முழுவதற்கும் தலைமை தாங்க வந்த புஸ்ஸி 1783 ஜூனில் கடலூர்க் கோட்டைக்குள் முற்றுகையில் இருந்தார். சுஃப்ரேனிடம் ஆள் குறைவு. புஸ்ஸி தம் வீரர்களில் 1,200 பேரைக் கப்பலுக்குக் கொடுத்தார். இந்தக் கரையில் தரைத் தலைவனும் கடல் தலைவனும் இப்படி ஒத்துப்போனது அரிது. ஜூன் 20 மாலை நான்கு மணியளவில் 15 பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களைச் சந்தித்தன. இருட்டும்வரை சுட்டார்கள், இரு பக்கமும் ஏறத்தாழ நூறு நூறு பேர் இறந்தார்கள், ஒரு கப்பலும் மூழ்கவில்லை. குடிநீர் தீர்ந்து, ஸ்கர்வி நோயால் மாலுமிகள் படுத்துவிட, ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். வாங்கிய வீரர்களை சுஃப்ரேன் கரையில் இறக்கிவிட்டார். ஒன்பது நாள் கழித்து வெள்ளைக்கொடியோடு வந்த ஓர் ஆங்கிலக் கப்பல் சமாதானச் செய்தியைக் கொண்டுவந்தது. வெர்சாயில் முதற்கட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாள் ஜனவரி 20. அதாவது, சமாதானமாகிச் சரியாக ஐந்து மாதம் கழித்து உங்கள் ஊருக்கு எதிரே அத்தனை பேர் செத்தார்கள்.

கோரிமேடு, ஆவணக் காப்பாளர்: புதுச்சேரி நிர்வாகம் கடற்படை அமைச்சகத்தின் கீழ் இருந்ததா?

இருந்தது. குடியேற்றங்களுக்கு நிலையான தனி அமைச்சகம் 1894-இல்தான் வந்தது. அதற்கு முன் பெரும்பாலான காலம் புதுச்சேரியின் கோப்புகள் கடற்படை மற்றும் குடியேற்ற அமைச்சகத்துக்கே போயின. ஆளுநர்களில் பலர் கடற்படைக்காரர்கள்.

கடலூர் முதுநகர், படகு உரிமையாளர்: இன்று நம் கடலுக்கு யார் பொறுப்பு? பிரெஞ்சு முறையில் ஏதாவது மிச்சமா?

நம்முடையது ஆங்கிலேய மரபு. 1947 ஆகஸ்டில் கடற்படைக்குத் தனித் தலைமைத் தளபதி வந்தார். 1955-இல் அந்தப் பதவியின் பெயர் கடற்படைத் தலைமை அதிகாரி என்று மாறியது. அதில் முதலில் அமர்ந்த இந்தியர், 1958-இல், செங்கல்பட்டில் பிறந்த கட்டாரி. 1968 முதல் நம் கரை விசாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிழக்குக் கட்டளையகத்தின் கீழ் இருக்கிறது. கடலோரக் காவல்படைக்கு 1978-இல் தனிச் சட்டம் வந்தது. கரையோரத்தில் மாநிலக் கடலோரக் காவலர்களும் இருக்கிறார்கள். மும்பைத் தாக்குதலுக்குப் பின், 2009-இல், ஒட்டுமொத்தக் கடல் பாதுகாப்புப் பொறுப்பு கடற்படைக்குத் தரப்பட்டது. பிரான்சில் நெப்போலியன் 1800-இல் உருவாக்கிய கடல் பிரிஃபெக்ட் பதவி இன்றும் உண்டு; அந்த ஒரே அட்மிரல் போர்க்கப்பலையும் பார்ப்பார், ஆபத்தில் சிக்கிய படகை மீட்கவும் ஆள் அனுப்புவார்.

தவளக்குப்பம், மாணவர்: சுஃப்ரேனுக்குக் கடைசியில் என்ன பதவி கிடைத்தது?

பிரான்சில் துணை அட்மிரல் இடங்கள் மூன்றுதான், மூன்றும் நிரம்பியிருந்தன தம்பி. 1784-இல் அவர் திரும்பியதும், அவருக்காகவே நான்காவது இடம் ஒன்றை அரசர் உருவாக்கினார். அவர் காலத்துக்குப் பின் அது நீங்கிவிட வேண்டும் என்று ஆணையிலேயே எழுதினார்கள். 1788 டிசம்பரில் அவர் இறந்தார், இடமும் அன்றோடு முடிந்தது.