கடுகுக்குத் தீ ஆகாது

அடுப்படிக் கேள்வி – பதில்

சென்ற இதழில், பன்றிக்கறிக்கு மிளகைவிடக் கடுகுதான் நல்ல துணை, பிரெஞ்சுக்காரர்களைக் கேட்டால் தெரியும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இத்தனை பேருக்கு இதில் ஆசை இருக்கும் என்று நினைக்கவில்லை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*மகன் பிரான்சில் லியோன் நகரில் படிக்கிறான். எலும்போடு வறுத்த பன்றிக்கறித் துண்டைக் கடுகு சாஸில் சாப்பிட்டதை வாராவாரம் சொல்கிறான். பொங்கலுக்கு வரும்போது செய்து கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. கேஸ் அடுப்பில் முடியுமா?*
— வாசகி, திருமங்கலம்

தாராளமாக முடியும் அம்மா. பிரான்சிலும் வீடுகளில் இது அடுப்பின் மேல் ஒரே சட்டியில் முடிகிற வேலைதான். உங்களுக்குச் சிரமம் அடுப்படியில் இல்லை, கறிக்கடையில் இருக்கிறது. பன்றிக்கறி என்றாலே குழம்புக்கு என்று முடிவு கட்டிக்கொண்டு, நீங்கள் வாய் திறப்பதற்குள் புளியங்கட்டையில் போட்டுச் சிறு துண்டுகளாக வெட்டித் தள்ளிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போய் நின்று விளக்கம் சொல்லாதீர்கள். இரண்டு நாள் முன்னதாகவே, வெள்ளைப் பன்றி வெட்டும் கடையில் சொல்லிவையுங்கள்: முதுகுப் பக்கத்துக் கறி, விலா எலும்போடு, ஒரு எலும்புக்கு ஒரு துண்டு, கனம் ஒரு அங்குலம். தோல் வேண்டாம். ஓரத்துக் கொழுப்பு மட்டும் அரை விரல் கனத்துக்கு இருக்கட்டும். அதையும் சீவி எறிந்துவிட்டு ‘சுத்தமாக்கிக் கொடுத்துவிட்டேன்’ என்று கடைக்காரர் பெருமைப்படுவார். விட்டுவிடாதீர்கள், ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதுகுக்கறியில் உள்கொழுப்பு குறைவு. கொஞ்சம் அசந்தால் சக்கையாகிவிடும். அதனால் ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து, நான்கு துண்டுகளை அதில் மூழ்கவைத்து, குளிர்பெட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். உப்புநீர் உள்ளே இறங்கினால், வேகும்போது சாறு அவ்வளவாக வெளியேறாது. எடுத்த பிறகு பழைய வேட்டித் துணியால் ஈரம் போக ஒற்றுங்கள். ஈரத்தோடு போட்டால் கறி வறுபடாது, அவியும். ஓரக் கொழுப்பில் அங்குலத்துக்கு ஒரு கீறல் போடுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் கொழுப்பு சுருங்கித் துண்டு கிண்ணம்போல் குழிந்துவிடும்.

இரும்புத் தோசைக்கல் வேண்டாம். பின்னால் புளிப்புச் சாறு ஊற்றப் போகிறோம், இரும்புச் சுவை ஏறிவிடும். அடிகனமான, அகலமான எவர்சில்வர் சட்டி போதும். ஒரு கரண்டி எண்ணெய், ஒரு கரண்டி வெண்ணெய். துண்டுகளைப் படுக்கவைப்பதற்கு முன், இடுக்கியால் பிடித்துக் கொழுப்பு ஓரம் கீழே இருக்கும்படி இரண்டு நிமிடம் நிறுத்திவையுங்கள். கொழுப்பு உருகிச் சட்டியில் இறங்கும், ஓரம் பொன்னிறமாகும். அதன் பிறகு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம், கிளறாமல். பிறகு தீயைக் குறைத்து மூடிவைத்து, நடுப்பகுதி வேகும்வரை விடுங்கள். எடுத்துத் தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடுங்கள்.

இப்போது சட்டியின் அடியில் செம்பழுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாருங்கள். அதைத் தேய்த்துக் கழுவிவிடும் கைகளுக்கு இந்தச் சமையல் வராது. சாஸே அதிலிருந்துதான் பிறக்கிறது. ஒரு கரண்டிக் கொழுப்பை மட்டும் விட்டு மீதியை வடித்துவிட்டு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி போட்டு, நிறம் மாறாமல் வதக்குங்கள். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு எஷலோத் என்ற வெங்காயம் போடுவார்கள். நம் சின்ன வெங்காயம் அதற்கு நெருங்கிய உறவு, பல்லாரியைவிடப் பொருத்தம். அரைக் கோப்பை வெள்ளை ஒயின் அல்லது திராட்சைக்காய்ச் சாறு ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிவிடுங்கள். அது மூன்றில் ஒரு பங்காக வற்றியதும் ஒரு கோப்பை எலும்புச் சாறு. அதுவும் பாதியாக வற்றட்டும். பிறகு கால் கோப்பை க்ரீம், இரண்டு நிமிடக் கொதி. கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்க வேண்டும்.

அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதி அடங்கிய பிறகு இரண்டு மேசைக்கரண்டி கடுகு விழுது, ஒரு சிறு துண்டு குளிர்ந்த வெண்ணெய், மிளகுத்தூள். கறி வைத்த தட்டில் ஊறியிருக்கும் சாற்றையும் இதில் சேருங்கள். கடுகு போட்ட பிறகு சட்டியை மறுபடி கொதிக்கவிடுகிறவர்களுக்குக் கைப்பும் மந்தமும் மட்டும் மிஞ்சும். மூக்கில் ஏறும் அந்தக் காரம் ஆவியாகிப் போகிற சாதி. பாண்டிச்சேரியில் ஹோட்டல் அடுப்பில் நின்ற காலத்தில் எனக்கு மேலே இருந்த மேஸ்திரி, கடுகுக் கிண்ணத்தை அடுப்புக்குப் பக்கத்து மேடையில்கூட வைக்க விடமாட்டார்.

*பிரான்சின் டிஜோன் ஊர்ப் பெயரில் விற்கும் கடுகு விழுது கடையில் யானை விலை. வீட்டுக் கடுகை மிக்ஸியில் அரைத்துப் பார்த்தேன், வாயில் வைக்க முடியாத கைப்பு. எங்கே தவறு?*
— வாசகர், மேலூர்

அரைத்தவுடன் ருசி பார்த்ததுதான் தவறு தம்பி. கடுகு விதைக்குள் காரம் என்று தனியாக எதுவும் கிடையாது. சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. விதை உடைந்து தண்ணீர் பட்டால்தான் இரண்டும் சந்தித்துக் காரம் உண்டாகும். வெந்நீர் ஊற்றினால் நொதி செத்துப்போகும், காரமே வராது. எண்ணெயில் தாளித்த கடுகு காரமில்லாமல் வாசம் மட்டும் தருவதற்கும் இதுவே காரணம். புளிப்பு சேர்ந்தால் நொதியின் வேகம் குறைந்து, அதுவரை வந்த காரம் நிலைத்து நிற்கும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு பொறுமை, கடைசியில் புளிப்பு.

50 கிராம் சிறுகடுகை மிக்ஸியில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள், பாத்திரம் சூடாகக் கூடாது. அம்மி இருந்தால் உத்தமம். நான்கு மேசைக்கரண்டி குளிர்ந்த தண்ணீர் சேர்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு மூன்று மேசைக்கரண்டி வினிகர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் மூன்று நாள் மறந்துவிடுங்கள். கைப்பு தானாக அடங்கும். டிஜோன் விழுதில் உமியைச் சலித்து எடுத்துவிடுவதால் வெளிர்மஞ்சளாக, வழவழப்பாக இருக்கும். உங்களுடையது கொரகொரப்பாக, கருப்புப் புள்ளிகளோடு இருக்கும். பிரான்சில் அப்படியும் ஒரு வகை விற்கிறார்கள், கவலை வேண்டாம்.

விலை விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். டிஜோன் விழுதுக்குப் போகும் பழுப்புக் கடுகும், உங்கள் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதும் ஒரே இனம். பிரான்சின் ஆலைகளே பெரும்பாலும் கனடா கடுகை நம்பித்தான் இருந்தன. 2021-இல் கனடாவில் வறட்சி வந்தது, மறு வருடம் பிரெஞ்சுக் கடைகளில் கடுகுப் புட்டி கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள். ஊர்ப் பெயருக்குக் கொடுக்கும் காசைக் கறிக்குக் கொடுங்கள்.

*எங்கள் வீட்டில் ஒயின் நுழையாது. எலுமிச்சை பிழியலாமா?*
— வாசகி, ஞானஒளிவுபுரம், மதுரை

வேண்டாம். எலுமிச்சை தன் வாசத்தை முன்னால் நிறுத்திக்கொள்ளும். புளி நினைப்பே வேண்டாம். உங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு இருக்கும்போது கவலை ஏன்? 1856-இல் டிஜோன் நகரத்து ழான் நேழோன் கடுகு விழுதில் வினிகருக்குப் பதில் பழுக்காத திராட்சையின் சாற்றைச் சேர்த்தார், அந்த ஊர்க் கடுகின் பெயர் அதனால் இன்னும் பரவியது. அதே சாறு இந்த சாஸுக்கும் ஒயினைவிடக் கச்சிதம் என்பது என் கட்சி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்ற வரலாறும் செய்திகளில் வந்தது. அவர் நாட்டுச் சமையலுக்கு அவர் கொடியின் காய்!

அங்கே வருடம் முழுவதும் அறுவடை உண்டு என்பதால் காயும் எப்போதும் கிடைக்கும். ஆனால் மாட்டுத்தாவணிச் சந்தையில் தேடாதீர்கள், காயை யாரும் விற்பனைக்குக் கொண்டுவருவதில்லை. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் உறவோ நட்போ இருந்தால், நிறம் திரும்பாத கெட்டிப் பச்சைக்காய் அரைக் கிலோ கேளுங்கள். கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்பதையும் கேளுங்கள். நன்றாகக் கழுவி, இடித்து, துணியில் பிழிந்து, தெளியவிட்டு எடுத்தால் போதும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். யாரையும் தெரியாது என்றால், இரண்டு தேக்கரண்டி வினிகரை அரைக் கோப்பைத் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக்கொள்ளுங்கள். பாதகமில்லை.

*பன்றிக்கறியைக் குக்கரில் ஐந்து விசில் விடாவிட்டால் புழு மூளைக்குப் போய்விடும் என்று என் மனைவி சொல்கிறார். நீங்கள் சொல்லும் முறையில் கறி வேகுமா?*
— வாசகர், பழங்காநத்தம், மதுரை

உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இருக்கிறது, விசில் கணக்கில் இல்லை. வேகாத கறியில் இருக்கும் நாடாப்புழுவின் இளம்பருவம் உள்ளே போனால், குடலில் புழு வளரும். மூளையைத் தாக்குவது புழுவின் முட்டை. அது புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து, கழுவாத கை, அசுத்தத் தண்ணீர், சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறி வழியாக வருகிறது. கறியே தொடாதவர்களுக்கும் அது வரும். ஆகவே கொத்தமல்லித்தழையை மூன்று தண்ணீரில் அலசுவதும், கறியை ஒழுங்காக வேகவைப்பதும் இரண்டுமே வேண்டும்.

அமெரிக்க வேளாண் துறை 2011 முதல் முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கு 63 டிகிரி செல்சியஸும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்கிறது. நம் ஊர்க் கறிக்கு நான் 70-இல்தான் இறக்குகிறேன். உப்புநீரில் ஊறிய கறி அதிலும் சாறோடு இருக்கும். சமையல் வெப்பமானி ஒன்று வாங்கி, துண்டின் பக்கவாட்டில், எலும்பில் படாமல் நடுவரை செருகிப் பாருங்கள். அடைத்து வளர்த்த பண்ணைப் பன்றியையே வாங்குங்கள். பச்சைக்கறியில் ஜவ்வரிசி அளவில் வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால், நன்றாகக் குளிரும் உறைபெட்டியில் நான்கு நாள் வைத்து எடுத்துச் சமையுங்கள். நாடாப்புழு அந்தக் குளிரைத் தாங்காது.

*சாஸ் திரிந்து தயிர்போல் ஆகிவிட்டது. காப்பாற்ற வழி உண்டா?*
— வாசகி, திண்டுக்கல்

புளிப்புச் சாறு வற்றுவதற்கு முன்பே க்ரீமை ஊற்றியிருப்பீர்கள். டப்பாவில் வரும் க்ரீமில் கொழுப்பு குறைவு, புளிப்பையும் கொதியையும் சேர்ந்தாற்போல் தாங்காது. கெட்டியான பாலாடையை அடித்துச் சேர்ப்பது நல்லது. திரிந்ததை வடிகட்டி, ஒரு கரண்டி புது க்ரீமைத் தனியாகச் சூடாக்கி, அதில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

க்ரீமே இல்லாமலும் செய்யலாம். வெங்காயம், ஒயின், எலும்புச் சாறு, கடுகு மட்டும் சேர்ந்த பழைய முறைக்கு ரோபேர் சாஸ் என்று பெயர். அதில் வினிகரில் ஊறிய சிறு வெள்ளரியை நீளவாக்கில் அரிந்து போட்டால் ஷார்க்யுத்தியேர். அந்தச் சிறு வெள்ளரியை உங்கள் மாவட்டத்தில்தான் கெர்கின் என்று ஒப்பந்த முறையில் பயிரிட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஊர்க் கடையில் ஒரு புட்டி வாங்குங்கள்.

*இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா சேர்த்தால் நம் வாய்க்குப் பிடிக்குமே?*
— வாசகர், உசிலம்பட்டி

பிடிக்கும். அதற்குக் கடுகு எதற்கு, க்ரீம் எதற்கு? மிளகு போட்டு வறுவல் செய்துகொள்ளுங்கள்.

*இதற்குத் தொட்டுக்கொள்ள என்ன வைப்பது?*
— வாசகி, வாடிப்பட்டி

தோலோடு அவித்து, உரித்து, வெண்ணெயில் புரட்டிய கொடைக்கானல் உருளைக்கிழங்கு. பீன்ஸைப் பச்சை நிறம் மாறாமல் அவித்தும் வைக்கலாம். சோறு இல்லாமல் முடியாது என்றால் உதிரியாக வடித்த சாதம். இடியாப்பமும் சேரும் என்று சொன்னால் பாண்டிச்சேரி மேஸ்திரிக்குக் கோபம் வரும், ஆனால் சேர்கிறது. பரோட்டா மட்டும் வேண்டாம், அதற்கு இந்த அளவு சாஸ் போதாது.