டிவி, ரேடியோ பேச்சாளர்கள் சத்தம் போட்டால் அமெரிக்க அரசு மூடிவிடுமா?

சத்தம் மட்டும் போதாது. ஆனால் 2018 டிசம்பரில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

அங்கே செலவுச் சட்டம் இரு அவைகளிலும் நிறைவேறி அதிபர் கையெழுத்திட வேண்டும். கெடு தாண்டினால் நிதி கிடைக்காத துறைகள் முடங்கும். நம் நாட்டில் பட்ஜெட் தோற்றால் ஆட்சியே போய்விடும். அங்கே ஆட்சி அசையாது, ஆபீஸ்தான் பூட்டப்படும். அதனால் முரண்டு பிடிப்பதில் தலைவர்களுக்குப் பெரிய பயமில்லை.

டிசம்பர் 19 அன்று, மெக்சிகோ எல்லைச் சுவருக்குப் பணம் ஒதுக்காத தற்காலிகச் செலவு மசோதாவை மேலவையான செனட் நிறைவேற்றியது. டிரம்ப் கையெழுத்திடுவார் என்றே அவர் கட்சிக்காரர்களும் நம்பினார்கள். அப்புறம் ரேடியோவில் ரஷ் லிம்பா, பத்தியில் ஆன் கோல்ட்டர், ஃபாக்ஸ் நியூஸ் காலை நிகழ்ச்சி என்று அவருடைய சொந்த முகாமே 'சரணடைந்துவிட்டார்' என்கிற தொனியில் பாய்ந்தது. மறுநாளே மனம் மாறினார். சுவருக்கு 570 கோடி டாலர் வேண்டும் என்றார்.

22ஆம் தேதி தொடங்கிய முடக்கம் 35 நாள் நீடித்தது. சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் தடைபட்டது. சம்பளமில்லாமலே விமான நிலையத்தில் பையைச் சோதித்தவர்களும் அதில் உண்டு, பாவம்.

எதிர்க்கட்சி திட்டினால் டிரம்ப் கவலைப்பட்டிருக்க மாட்டார். இந்தப் பேச்சாளர்களுடைய நேயர்களோ அவருக்கே ஓட்டுப் போடுகிறவர்கள், கட்சியின் உள்தேர்தலில் வேட்பாளரை முடிவு செய்கிறவர்கள். தவிர, ஜனவரியில் கீழவை ஜனநாயகக் கட்சி கைக்குப் போகவிருந்தது. அதற்குமுன் சுவருக்குப் பணம் வாங்கக் கடைசி வாய்ப்பு அதுதான்.

ஜனவரி 25 அன்று சுவருக்கு ஒரு டாலரும் இல்லாமலே அரசு திறந்தது. அன்றைக்கும் கோல்ட்டர் அவரைக் கிண்டலடித்தார்.