வாசகர் கேட்டவை: பவானித் தண்ணீர் மலையில் என்ன செய்கிறது?

கே: நீலகிரி அவலாஞ்சியில் மழை கொட்டுகிறது என்று டிவியில் சொன்னால் போதும், எங்கள் பக்கம் எல்லோரும் பவானிசாகர் மட்டத்தை விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆனால் வழியில் அத்தனை அணை இருக்கிறதே, மேலே கரண்ட் எடுத்துவிட்டால் எங்களுக்குத் தண்ணீர் குறைந்துவிடாதா?
- கோபிசெட்டிபாளையம் வாசகர்

ப: கரண்ட் எடுப்பதால் தண்ணீர் செலவாவதில்லை. அது மேலேயிருந்து விழுகிற வேகத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 1950களில் கனடா நாட்டு உதவியோடு தொடங்கிய குந்தா திட்டம் இது. அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர் சுரங்கத்திலும் ராட்சதக் குழாயிலும் இறங்கி முதல் பவர் ஹவுஸில் 60 மெகாவாட் இயந்திரங்களைச் சுற்றிவிட்டு குந்தா அணைக்கு வருகிறது, அங்கிருந்து மறுபடி மலைக்குள் புகுந்து கெத்தையில் 175 மெகாவாட், அப்புறம் பரளியில் 180, கடைசியில் பில்லூரில் 100. நான்கு இடத்தில் வேலை பார்த்த அதே தண்ணீர்தான் மேட்டுப்பாளையத்தைத் தாண்டி உங்கள் அணைக்கு வருகிறது. பில்லூரில் கோயம்புத்தூருக்குக் குடிநீர் எடுக்கிறார்களே, அது வேண்டுமானால் வழியில் குறைகிற தண்ணீர்.

மாறுவது நேரம்தான். ஆடி மழையில் வந்த தண்ணீரை மேலே பிடித்து வைத்துக்கொண்டு, கரண்ட் தேவைப்படும்போது விடுவார்கள். ஆகஸ்ட் 15 வாய்க்கால் திறப்பை எதிர்பார்த்து நாற்றுவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நாட்கள் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று, பவானிசாகருக்கு வருவது இந்த ஒரு கிளை மட்டும் இல்லை. முக்குருத்தி, பைக்காரா அணைகளின் தண்ணீர் கிளன்மார்கன் வழியாகச் சிங்காராவில் விழுந்து மாயாறாக வந்து உங்கள் அணையில்தான் கலக்கிறது. பைக்காராவில் 1932 முதலே கரண்ட் எடுக்கிறார்கள்.

கே: அவலாஞ்சி ஏரியும் எமரால்டு ஏரியும் ஒன்றா, இரண்டா?
- திருப்பூர் வாசகி

ப: அணை இரண்டு, தண்ணீர் ஒன்று. இரண்டையும் சுரங்கம் இணைப்பதால் ஒன்றில் ஏறினால் மற்றதிலும் ஏறும். அப்பர் பவானியில் தேக்குகிற தண்ணீரும் சுரங்கம் வழியாக இங்கேதான் வருகிறது. தேக்காமல் விட்டிருந்தால் அது கேரளாவுக்குள் இறங்கி, முக்காலியில் கிழக்கே திரும்பி, அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு நம்மிடம் வரும்.

கே: மாசி, பங்குனியில் மழையே இல்லை, ஆனாலும் ஊட்டி மலை ஓடைகளில் தண்ணீர் ஓடுகிறதே, எங்கிருந்து?
- குன்னூர் மாணவி

ப: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. மலை உச்சிகளில் புல்வெளி, மடிப்புகளில் சோலை, அதற்குக் கீழே சதுப்பு. ஒருமுறை அப்பர் பவானி பக்கம் பங்குனி வெயிலில் காய்ந்து பழுத்த புல்வெளியில் நடந்தேன். ஓடைக்கு இருபது அடி தள்ளிப் புல்மேல் காலை வைத்ததும் செருப்பைச் சுற்றிக் கறுப்பாகத் தண்ணீர் ஊறி வந்தது. காலை எடுத்ததும் மெதுவாக உள்ளே போய்விட்டது. ஆனி, ஆடியில் குடித்ததை அந்த மண் எட்டு மாதம் கழித்தும் வைத்திருக்கிறது. சிமெண்ட் அணைகளுக்கு முன்னாலிருந்தே இருக்கிற அணை அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதை நாம் சரியாக வைத்துக்கொள்ளவில்லை. வெற்று நிலம் என்று நினைத்து, தோல் பதனிடப் பட்டை கிடைக்கும், விறகு கிடைக்கும் என்று புல்வெளிமேல் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டார்கள். சீகை தானாகவே பரவிக்கொண்டே போகிறது, வெட்டினாலும் விதை மண்ணில் கிடந்து முளைக்கும். சரிவில் காய்கறித் தோட்டம் போட்ட இடங்களில் மழைக்கு மண் கரைந்து ஓடைக்கு வருகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தபோது எத்தனை இடத்தில் மண் சரிந்தது என்று குன்னூரில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி வருகிற வண்டல் கடைசியில் பில்லூரில்தான் படிகிறது, அணை அந்த அளவுக்குச் சின்னதாகிக்கொண்டே வருகிறது.

கே: மேட்டுப்பாளையத்தில் குளித்துக்கொண்டிருந்தோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. திடீரென ஆறு ஏறிவிட்டது, குழந்தைகளை இழுத்துக்கொண்டு கரையேறினோம். ஏன் அப்படி?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

ப: நல்லவேளை, எல்லோரும் கரையேறினீர்கள். பில்லூரில் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் ஆற்றில்தான் வரும், அதற்கு மழை வேண்டியதில்லை, ஊரெல்லாம் கரண்ட் கேட்டால் போதும். கணுக்கால் அளவு ஓடிய இடம் கொஞ்ச நேரத்தில் இடுப்பளவு ஆகிவிடும், நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரும்ப வழி இருக்காது. ஒவ்வொரு வருடமும் வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். இனி போனால் முதலில் கரையில் இருக்கும் ஊர்க்காரரிடம் இன்று தண்ணீர் விடுவார்களா என்று கேளுங்கள். பாறைக்குப் போகாதீர்கள், கரையை ஒட்டியே குளியுங்கள். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ துணிமணியை விட்டுவிட்டு உடனே ஏறிவிடுங்கள்.